விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது எந்தக் கைக்கருவிகளை எடுத்துச் செல்வது?

மொட்டைமாடித் தச்சன் எழுதியது:

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மே மாதத்தின் பிற்பாதியை அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், மாமனார் வீட்டில் கழிக்க இருக்கிறோம். சென்னையில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடி ஓரத்தில் சிறிய பட்டறை மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டு, மின்கருவிகள் எதுவும் இல்லாமல், உளி, வாள், இழைப்புளி ஆகியவற்றைக் கொண்டே மரவேலை பழகி வருகிறேன். அலுவலக நாட்களில் இதற்கு நேரம் கிடைப்பதே அரிது. கிடைக்கும் நேரத்திலும் கீழ்வீட்டாரின் தூக்கத்தைக் கருதி, உளியைத் தட்டும் கொட்டாப்புளியைத் தொடத் தயங்க வேண்டியிருக்கிறது. எனவே தொடர்ச்சியாக ஓய்வு வாய்க்கும் இந்த நேரத்தில் கருவிகளை இங்கே பூட்டிவைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

அந்த வீட்டில் அகலமான திண்ணையும் பின்புறம் நிழலான தோட்டமும் உண்டு. பூவரசும் வேம்பும் கொய்யாவும் நிற்கின்றன; வேலியோரத்தில் அரளி மண்டிக் கிடக்கிறது. பட்டறை மேசையோ வைஸோ கிடையாது. சாப்பாட்டு மேசையில் கிளாம்ப் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டால், மாப்பிள்ளை என்பதற்காக மாமியார் மறுக்க மாட்டார். அதனாலேயே கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

ரயிலில் செல்கிறோம். குழந்தைகளின் பைகள் போக எனக்குக் கிடைப்பது ஒரு தோள்பை அளவு இடம்தான். இப்போதைக்கு மனத்தில் இருப்பவை: ஐந்தாம் எண் இழைப்புளி, கால், அரை, முக்கால் அங்குல உளிகள், முதுகுவாள் (முதுகில் உலோகப் பட்டை உள்ள சிறு வாள்), மூலைமட்டம், சாணைக்கற்கள் இரண்டு. இவற்றின் எடையே தோளை இறக்கிவிடும் போலிருக்கிறது. எதைக் குறைக்கலாம், மேசையின்றி மரத்தை எப்படி அசையாமல் நிறுத்துவது, அங்கேயே முடிக்கக்கூடியதாக எதைச் செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். அடுக்களைக்குப் பயன்படும் பொருளாக இருந்தால், மாமியாரிடமே கொடுத்துவிட்டு வருவேன்.

பச்சைமரம் எழுதியது:

வணக்கம் நண்பரே.

நீங்கள் பட்டியலிட்டுள்ள கருவிகள் எல்லாமே உலர்ந்த, சதுரித்த பலகைக்கு உரியவை. அத்தகைய பலகையும் அதைப் பிடித்து நிறுத்த ஒரு மேசையும் இருந்தால்தான் ஐந்தாம் எண் இழைப்புளிக்கு வேலை உண்டு. அது ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். ஆகவே கருவிகளை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அவற்றுக்கு வேலை தேடுவதைவிட, செய்யப்போகும் பொருளை முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் செல்வது நல்லது. தோட்டத்தில் கழிக்கப்படும் பச்சைக் கிளையிலிருந்து கரண்டி செதுக்குங்கள் என்பது என் பரிந்துரை. ஒரு செதுக்குக் கத்தி, குழிவு தோண்டுவதற்கு ஒரு வளைகத்தி, ஒரு மடக்கு வாள் ஆகிய மூன்றும் போதும். மூன்றையும் துணியில் சுருட்டினால் ஒரு தண்ணீர்க் குப்பியின் இடத்தைக்கூட அடைக்காது.

சுவீடனின் மோரா கத்திகள் இப்போது இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. செதுக்குவதற்கென்றே உள்ள 120, 106 ஆகிய இரண்டு எண்களில், சுமார் 6 செ.மீ. அலகுள்ள 120 கரண்டிக்குப் போதுமானது. 106 அதைவிட நீளமானது, புதியவர்களுக்குக் கட்டுப்படுத்துவது சற்றுக் கடினம். குழிவுக்கு 164 என்ற எண்ணுள்ள வளைகத்தி. கைக்கோடரியைச் சுமக்க வேண்டாம். எந்தத் தோட்ட வீட்டிலும் அரிவாள் இருக்கும். கிளையை ஒரு முழத்துக்கு அறுத்து நிறுத்தி, அறுத்த முகத்தின் நடுவே அரிவாளின் வாயை வைத்து, அதன் முதுகில் ஒரு கட்டையால் தட்டினால் கிளை நாரோட்டத்தின் வழியே பிளந்துவிடும். வாளால் நீளவாக்கில் அறுப்பதைவிட இது விரைவானது. நார்கள் அறுபடாமல் முழு நீளத்துக்கும் ஓடுவதால் கைப்பிடி மெல்லியதாக இருந்தாலும் எளிதில் முறியாது.

பச்சை மரத்தின் இயல்பைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. புதிதாக வெட்டிய மரத்தில் உலர்ந்த எடையில் பாதிக்கும் மேற்பட்ட அளவு நீர் இருப்பது வழக்கம். அதனால்தான் கத்தி அதில் இலகுவாக இறங்குகிறது. ஈரம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், முழு உருளையாக விடப்பட்ட கிளை வெடிக்காமல் இருக்க வழியே இல்லை. நடுவிலுள்ள நெட்டி நீங்கும்படி பிளந்துவிட்டால் அந்த இழுவிசை தணிந்துவிடும். கரண்டியின் எந்தப் பகுதியிலும் நெட்டி மிஞ்சக்கூடாது.

நீங்கள் போவது அக்னி நட்சத்திரக் காலம். காலையில் செதுக்கிய கரண்டியைத் திண்ணையில் காற்றுப்பட வைத்தால் மாலைக்குள் முனையில் கீறல் விழுந்துவிடும். வேலையை நிறுத்தும்போதெல்லாம் ஒரு நெகிழிப் பையில் போட்டுக் கட்டிவையுங்கள். வடிவம் முழுமையான பிறகு, அதன் சொந்தச் சீவல்களோடு காகிதப் பையில் இட்டு, காற்றோட்டமில்லாத அறை மூலையில் வைக்க வேண்டும். அடுக்களைத் தராசில் அவ்வப்போது நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றுவிட்டால் உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். இறுதிச் சீவல்களை அதன் பிறகு எடுத்தால் பரப்பு பளபளவென்று அமையும்.

மர வகையில் மட்டும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். வேலியோரத்து அரளியைத் தொடவே வேண்டாம். அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. உணவில் புழங்கும் பொருளுக்கு அதன் குச்சிகூட ஆகாது. மஞ்சள் பூ பூக்கும் தங்க அரளியும் எட்டியும் அப்படியே. கொய்யா நெருக்கமான நாருள்ளது, உறுதியானது, கரண்டிக்கு மிகவும் ஏற்றது. பூவரசின் வைரம், அதாவது முற்றிய உள்மரம், அழகிய செம்பழுப்பு நிறமுடையது. ஆனால் இளங்கிளையில் வைரத்தை எதிர்பார்க்க முடியாது. வேம்பு செதுக்க நன்றாக இருந்தாலும் தொடக்கத்தில் அதன் கசப்பு உணவில் இறங்கக்கூடும். மாமரத்தின் பால் சிலருக்குத் தோலில் கொப்புளம் உண்டாக்கும் என்பதால் ஒவ்வாமை உள்ளவர்கள் பச்சையாக அதைக் கையாளாமல் இருப்பது நலம்.

சாணைக்கற்கள் இரண்டையும் விட்டுச் செல்லுங்கள். கிளம்புவதற்கு முன் நன்றாகத் தீட்டிக்கொண்டு, 1000, 2000 எண் நீர்த்தாள்களில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) இரண்டிரண்டு துண்டுகளும், பச்சை மெருகுப்பொடி தேய்த்த தோல் பட்டை ஒன்றும் எடுத்துச் சென்றால் போதும். நம் ஊர் அடுக்களைகளின் கிரானைட் மேடை, நீர்த்தாளை விரித்துத் தீட்டுவதற்குப் போதிய அளவு சமதளமாகவே இருக்கும். ஆனால் சமையல் முடிந்து மேடை துடைக்கப்படுவதற்கு முன்பு அதைச் செய்துவிடுங்கள். துடைத்த பிறகு செய்தால் மாமியாரின் முகச்சுளிப்பு உறுதி.

ஒரு எச்சரிக்கை. தொடைகளுக்கு நடுவே மரத்தை வைத்துக்கொண்டு செதுக்காதீர்கள். தொடையின் உட்புறத்தில் பெரிய தமனி ஓடுகிறது. முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டு, வேலை முழங்கால்களுக்கு வெளியே இருக்கும்படி அமருங்கள். உங்கள் கை எட்டும் வட்டத்துக்குள் குழந்தைகள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரைப்பட்டறை எழுதியது:

பச்சைமரம் அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஆனால் மேசை இல்லை என்பதற்காகப் பலகை வேலையையே கைவிட வேண்டும் என்பதை ஏற்பதற்கில்லை. இடுப்பளவு உயரமுள்ள மேசையும் வைஸும் நம்மிடம் பின்னாளில் வந்து சேர்ந்தவை. தரையில் அமர்ந்து, பாதத்தால் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவும் கட்டிலும் கலப்பையும் செய்த தச்சர்களின் ஊர்களுக்குத்தான் நீங்கள் போகிறீர்கள். இணையத்தில் காணும் மேலைநாட்டுப் பட்டறைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தரை ஒரு குறைபாடாகத் தெரிகிறது. எனக்கு அது மிகப் பெரிய மேசையாகத் தெரிகிறது.

தோட்டத்து நிழலில் மண் இறுகியிருக்கும் இடமாகப் பார்த்து, முழங்கை நீளமுள்ள இரண்டு முளைகளை ஒரு சாண் இடைவெளியில் அடித்து இறக்குங்கள். தலைகள் தரைக்கு மேலே அரை அங்குலம் தெரிந்தால் போதும். பலகையின் முன்முனையை அவற்றில் முட்டவைத்து இழைத்தால் பலகை நகராது. பலகை பக்கவாட்டில் திரும்புகிறது என்றால், பக்கத்துக்கு ஒரு முளை அடித்து, இடைவெளியில் ஆப்பு ஒன்றைச் செருகுங்கள். பலகையின் ஓரத்தை இழைக்க வேண்டுமானால், அதை நெட்டுக்குத்தாக நிறுத்தி, இரு புறமும் முளையும் ஆப்பும் வைத்து இறுக்கலாம். திண்ணையில் சிமெண்டு தரை இருந்தால் முளை இறங்காது. அங்கே ஒரு பழைய பலகையின் ஒரு முனையில் மேலேயும் மறுமுனையில் கீழேயும் ஒவ்வொரு குறுக்குக் கட்டையை ஆணியடித்து, கீழ்க்கட்டையைத் திண்ணையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். மேல்கட்டையில் மரத்தை முட்டவைத்து இடக்கையால் அழுத்திக்கொண்டு அறுக்கலாம். சாப்பாட்டு மேசைக்கு வேலையே இல்லை.

செய்வதற்கு என் யோசனை உட்காரும் மணை. ஒரே பலகை, கீழே இரண்டு குறுக்குக் கட்டைகள். அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களின் மரவாடிகளில் பலாவோ வேம்போ உலர்ந்த துண்டாகக் கேட்டு வாங்கலாம்; ஒன்றரை அடி நீளம், பத்து அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்று சொன்னால் அங்கேயே அறுத்துக் கொடுத்துவிடுவார்கள். நீளவாக்கில் அறுக்கும் வேலையைக் கையால் செய்ய விடுமுறையைச் செலவிடாதீர்கள்.

மணை எளிய பொருளாகத் தோன்றினாலும் அதில் ஒரு நுட்பம் உள்ளது. பலகை அகலவாக்கில் மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய மாறவே மாறாது. குறுக்குக் கட்டையை இரு முனைகளிலும் ஆணியடித்து அசைய முடியாமல் செய்துவிட்டால், கட்டை தன் நீளத்தை விட்டுக்கொடுக்காது, பலகை தன் அகலத்தை மாற்றாமல் இராது, முடிவில் பலகை நடுவில் வெடிக்கும். எனவே பலகையின் அடியில், வாயில் குறுகியும் உள்ளே அகன்றும் இருக்கும்படி ஒரு காடி (நீண்ட பள்ளம்) வெட்டி, அதே சரிவில் சீவிய குறுக்குக் கட்டையைப் பக்கவாட்டில் தட்டி ஏற்ற வேண்டும். பசையோ ஆணியோ வேண்டாம். மிஞ்சிப் போனால் நடுவில் ஒரே ஒரு மூங்கில் முளை. பலகை தன் விருப்பம்போல் விரிந்து சுருங்கும், கட்டை அதை வளையாமல் தாங்கிக்கொண்டிருக்கும். காடியின் சரிந்த பக்கங்களை வாளால் அறுத்து, இடையிலுள்ள மரத்தை உளியால் அகற்றுவதற்குள், உங்கள் கை ஓராண்டுக்கான பாடத்தைப் படித்துவிடும்.

இதற்கு வேண்டியவை முதுகுவாள், முக்கால் அங்குல உளி, மூலைமட்டம், ஒரு பென்சில், உள்ளங்கையில் அடங்கும் சிறிய இழைப்புளி. ஐந்தாம் எண்ணை நானும் வேண்டாம் என்றே சொல்வேன். கால், அரை அங்குல உளிகளுக்கு இதில் வேலையில்லை. கொட்டாப்புளியை எடுத்துச் செல்வதைப் போல வீண் சுமை வேறில்லை. போய்ச் சேர்ந்ததும் ஒரு புளியங்கட்டையைப் பிடிக்குமளவுக்குச் சீவிக்கொண்டால் அதுவே கொட்டாப்புளி.

ஏரிக்கரை எழுதியது:

நான் டொரொண்டோவில் வசிக்கிறேன். கோடையில் வடக்கே ஏரிக்கரைக் குடில்களை வாடகைக்கு எடுத்துத் தங்குவது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடமும் வழக்கமாகிவிட்டது. அப்படிச் செல்லும்போது கத்திச் சுருளை எடுத்துச் செல்வது என் வழக்கம். இழையின் முதல் கேள்வி இந்தியாவைப் பற்றியது என்றாலும், வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

இங்கே கரண்டிக்குப் பெரும்பாலும் பிர்ச் மரம். வெளிர் நிறமும் சீரான நாரும் உடையது, மணமற்றது, பச்சையாக இருக்கும்போது வெகு இதமாகச் செதுக்க வரும். ஆனால் குடிலுக்கு வீட்டிலிருந்து மரத்துண்டுகளை ஏற்றிக்கொண்டு போவதும், குடிலிலிருந்து விறகை நகரத்துக்குக் கொண்டுவருவதும் கூடாது. ஆசியாவிலிருந்து வந்த, மரகதப் பச்சை நிறமுள்ள ஒரு துளைப்பான் வண்டு 2002இல் டெட்ராய்ட், வின்சர் பகுதிகளில் கண்டறியப்பட்டது. அதன் பின் வட அமெரிக்காவில் ஆஷ் மரங்கள் கோடிக்கணக்கில் பட்டுப்போயின. அந்த வண்டு தானாகப் பறந்து கடந்த தொலைவைவிட, விடுமுறைக்குச் செல்வோரின் விறகோடு வண்டியில் ஏறிக் கடந்த தொலைவே அதிகம். அதனால் கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளிலிருந்து விறகை வெளியே எடுத்துச் செல்லக் கனடிய உணவு ஆய்வு முகமை தடை விதித்திருக்கிறது. மரத்தை அங்கேயே வாங்கி, அங்கேயே செதுக்கி, பட்டை நீக்கிய கரண்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவதே முறை. ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ செல்பவர்கள், முழுமையாக முடித்த மரக்கரண்டியாக இருந்தாலும் வருகைப் படிவத்தில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

விமானத்தில் செல்வோர் கத்தி, உளி, வாள் எதையும் கைப்பையில் வைக்க முடியாது. அனைத்தும் சரக்குப் பெட்டிக்குள் போக வேண்டும். பெட்டியைத் திறந்து சோதிப்பவர் கையை விட்டுத் துழாவுவார் என்பதை நினைவில் கொண்டு, ஒவ்வொரு கூர்முனைக்கும் கனத்த அட்டையால் உறை செய்து நூலால் கட்டிவிடுங்கள். இந்தியாவில் பெரும்பாலான உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் சரக்குப் பெட்டிக்கு 15 கிலோதான் என்பதால் எடைக் கணக்கு அங்கே இன்னும் கடுமையாக இருக்கும்.

வாடகை வீடுகளில் தங்குவோர் பழைய போர்வை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அதன் நடுவில் அமர்ந்து செதுக்கினால் எழும்போது நான்கு மூலைகளையும் சேர்த்து எடுத்து உதறிவிடலாம். வளைகத்தியின் சின்னஞ்சிறு சீவல்கள் கம்பளத்துக்குள் புகுந்துவிட்டால் எடுப்பது பெரும் பாடு.

பயணப்பை எழுதியது:

கருவிகளைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டதால், வழிப்பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரயிலில் எடை உங்களுக்குத் தடையாக இராது. ஸ்லீப்பர் வகுப்பிலும் ஏசி மூன்றடுக்கிலும் ஒருவருக்கு 40 கிலோ வரை, ஏசி இரண்டடுக்கில் 50 கிலோ வரை கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். கவனிக்க வேண்டியது மெருகுப் பொருட்களைத்தான். அரக்கு மெருகுக்கான ஸ்பிரிட், டர்பன்டைன், தின்னர் போன்ற தீப்பற்றும் திரவங்களை ரயிலில் கொண்டுசெல்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. கரண்டிக்கும் மணைக்கும் அவை தேவையும் இல்லை.

ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் வெப்பம் உள்ளேயே தேங்கி, நெருப்பு வைக்காமலே துணி எரியத் தொடங்கும். மே மாதத்து வெயிலில், ஓலைச் சருகும் விறகும் கிடக்கும் கொல்லைப்புறத்தில் இதை எண்ணிப் பாருங்கள். துணியைத் தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும். தேங்காயெண்ணெய்க்கு இந்த ஆபத்து இல்லை, ஆனால் அது இறுகவும் செய்யாது. அவ்வப்போது மீண்டும் தடவ வேண்டியிருக்கும்.

காவலர் யாரேனும் பையைச் சோதித்தால் என்ன செய்வது என்ற ஐயம் பலருக்கு உண்டு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுப் பயன்பாடு, வேளாண்மை, தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கின்றன. வாளும் உளியும் அந்த விலக்குக்குள் வருபவை. ஆயினும் அரிவாளைச் செய்தித்தாளில் சுற்றி இரவுப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்தால் யாரும் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். எல்லாவற்றையும் கருவிச் சுருளில் ஒன்றாகக் கட்டிப் பைக்குள் வைத்துவிடுங்கள். பார்த்தவுடனே தொழிற்கருவிகள் என்று தெரியும்.

பாபநாசம் பக்கம் சுற்றிப் பார்க்கப் போகும்போது அழகான கிளை கிடக்கிறதே என்று எடுத்து வந்துவிட வேண்டாம். அந்த மலைப்பகுதி 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து விழுந்த மரத்தை எடுத்துவருவதும் வனச் சட்டப்படி குற்றமே. தோட்டத்து மரமே போதுமே.

மொட்டைமாடித் தச்சன் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்தாம் எண் இழைப்புளியும் சாணைக்கற்களும் சென்னையிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். கரண்டியா மணையா என்ற விவாதத்தை வீட்டில் வைத்தபோது, தன் அம்மாவுக்கு இரண்டுமே தேவையில்லை என்று மனைவி சொல்லிவிட்டாள். அவர்களிடம் முன்பு இருந்த சிரட்டை அகப்பை உடைந்துபோன பிறகு, அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். கைப்பிடியைச் செதுக்குவது எனக்குக் கடினமாக இராது. ஆனால் சிரட்டையில் துளையிடும்போது விரிசல் விடுமே என்ற தயக்கம் இருக்கிறது. கைப்பிடி ஆடாமல் இருக்க எப்படிப் பொருத்துவது என்றும் தெரியவில்லை. யாரேனும் செய்திருக்கிறீர்களா?

கல்லிடைக்காரி எழுதியது:

வணக்கம் ஐயா. நீங்கள் போகும் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி நான். சிரட்டை அகப்பை எங்கள் வீட்டில் இன்றும் செய்யப்படுகிறது. வளைகத்தியும் இதற்கு வேண்டாம். குழிவைத் தென்னையே செய்து கொடுத்துவிடுகிறது.

நன்கு முற்றிய நெற்றுத் தேங்காயை உடைத்து, கண்ணில்லாத பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பைக் கத்தியால் நோண்ட வேண்டாம். வெயிலில் வைத்தால் பருப்பு கொப்பரையாகச் சுருங்கித் தானே கழன்று வரும். வெளிப்புற நாரைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால் இழுத்துச் சுரண்டினால் சிரட்டை வழவழப்பாகிவிடும். பழைய தச்சர்கள் மரத்தை மெருகேற்றவும் கண்ணாடிச் சில்லைத்தான் பயன்படுத்தினார்கள். கைக்கு ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். பிறகு 120, 220 எண் உப்புத்தாள்.

சிரட்டை கடினமானது, அதே நேரத்தில் நொறுங்கும் தன்மையும் உள்ளது. ஆணியை அடித்துத் துளையிட்டால் விரிசல் விடுவது உறுதி. கூரான முனையுள்ள சிறிய கைத்துளைப்பானை வெளிப்புறமிருந்து அழுத்தாமல் சுற்ற வேண்டும். உட்புறத்தில் துளை வெளிப்படும் இடத்தில் ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டால் விளிம்பு பெயராது. விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே முதல் துளை, அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் சற்றுச் சிறியதாக இரண்டாவது துளை. பென்சில் நுழையாத அளவுக்குத் துளையிட்டுவிட்டு, மீதியை வட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துங்கள்.

கைப்பிடி ஒன்றேகால் அடி நீளம் இருந்தால் கொதிக்கும் குழம்பில் கை சுடாது. முனையை நோக்கிச் சீராக ஒடுங்கும்படி செதுக்கி, பெரிய துளை வழியே செலுத்தி, சிறிய துளையில் முனை வெளியே தெரியும்படி இறுக்க வேண்டும். வெளியே நீட்டிய முனையில் ஒரு மூங்கில் ஊசியைக் குறுக்கே செருகிவிட்டால் கழலாது. பசை எதுவும் வேண்டாம். கொதிக்கும் உணவில் புழங்கும் பொருளுக்கு அது ஏற்றதும் அல்ல. பச்சைமரம் அண்ணன் சொன்ன ஈரக்கணக்கு இங்கேதான் உதவும். ஈரமான கைப்பிடியைப் பொருத்தினால் அது உலர்ந்து சுருங்கியதும் துளைக்குள் ஆடத் தொடங்கும். நன்றாக உலர்ந்ததைப் பொருத்தினால், அகப்பை நனையும்போதெல்லாம் அது சற்றே உப்பி இன்னும் இறுகும். பூவரசு கிடைப்பதால் வேறு மரம் தேட வேண்டாம்.

அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்புகள் செய்யும் கடைசல் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. நேரம் கிடைத்தால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்தும்போது, உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகிப் படிவது பெரியவர்களுக்கே வியப்பைத் தரும். கேட்டால் நன்கு உலர்ந்த கழிவுத்துண்டுகளைக் கொடுப்பார்கள்; கைப்பிடிக்கு ஏற்ற நீளத்தில் ஒன்று அகப்பட்டால் பூவரசு உலரும்வரை காத்திருக்கும் வேலையும் மிச்சம். அகப்படாவிட்டால், ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே கிளையைப் பிளந்து, கைப்பிடியைத் தேவைக்குச் சற்றுப் பருமனாகச் செதுக்கி உலரப் போட்டுவிடுங்கள். சிரட்டையைச் சுரண்டுவதும் துளையிடுவதும் அது உலர்வதற்குள் ஆற அமரச் செய்து முடிக்கக்கூடிய வேலைகள்தான்.